மகனை மீட்ட தாய்: இசபெல்லாவின் 1828ஆம் ஆண்டு வழக்கும் அவர் குடும்பமும்

நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்தில் பழைய நீதிமன்றக் கோப்புகளுக்கு நடுவே கிடந்த, கையால் எழுதப்பட்ட எட்டுப் பக்கங்கள் 2022இல் அடையாளம் காணப்பட்டன. அவை 1828ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. தன் மகன் பீட்டரைச் சாலமன் கெட்னி என்ற வெள்ளையர் சட்டத்துக்குப் புறம்பாக மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோய்விட்டார் என்று இசபெல்லா என்ற கறுப்பினப் பெண் அளித்த வாக்குமூலம் அவற்றில் இருக்கிறது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால், வாக்குமூலத்தின் கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டுமே உள்ளது. பின்னாளில் சோஜர்னர் ட்ரூத் என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் அறியப்பட்டவர் இவர்தான். அந்தப் பெயரை அவர் சூடிக்கொண்டதோ வழக்கு முடிந்து 15 ஆண்டுகள் கழித்து; ஆகவே அந்தப் பெயரைக் கொண்டு தேடுகிறவர் கண்ணில் இந்தத் தாள்கள் பட்டிருக்கவே முடியாது.

மேடைப் பேச்சாளராக, அடிமை ஒழிப்புப் போராளியாக, பெண்ணுரிமைக் குரலாக அவரைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஆய்வு அவருடைய குடும்பத்தைப் பற்றியது. ஓர் அடிமைப் பெண் விடுதலை பெற்றார் என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த விடுதலை அவருடைய பெற்றோரையும் கணவரையும் பிள்ளைகளையும் எந்த அளவுக்குச் சென்று சேர்ந்தது, எங்கே நின்றுபோனது என்பதைப் பார்க்காமல் அந்த வரிக்குப் பொருள் இல்லை என்பது என் கருத்து.

பிறப்பும் பெற்றோரும்

இசபெல்லா ஏறத்தாழ 1797இல், நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் வட்டாரத்தில், ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே, கர்னல் ஜொஹானஸ் ஹார்டன்பர்க் என்பவரின் பண்ணையில் பிறந்தார். அது டச்சுக்காரர்கள் குடியேறிய பகுதி. எசமானரும் அடிமைகளும் டச்சு மொழியே பேசினார்கள். இசபெல்லாவின் தாய்மொழியும் அதுதான். அவருடைய தந்தை ஜேம்ஸ் நல்ல உயரம், நேரான உடற்கட்டு. அதனால் டச்சு மொழியில் மரம் என்று பொருள்படும் சொல்லோடு சேர்த்து அவரை 'பாம்ஃப்ரீ' என்று அழைத்தார்கள். தாயின் பெயர் எலிசபெத். பிள்ளைகளுக்கு அவர் 'மாவ்-மாவ் பெட்'. பிறந்த பிள்ளைகள் பத்தா பன்னிரண்டா என்பது இசபெல்லாவுக்கே உறுதியாகத் தெரியாது, ஏனென்றால் அவர் கண் விழித்துப் பார்த்தபோது மூத்தவர்கள் எல்லாரும் விற்கப்பட்டிருந்தார்கள். அவரும் தம்பி பீட்டரும் மட்டுமே வீட்டில் மிஞ்சியிருந்தார்கள்.

கர்னல் இறந்த பிறகு இக்குடும்பம் அவர் மகன் சார்லஸின் உடைமையானது. சார்லஸ் கட்டிய வீட்டின் நிலவறையில்தான் அடிமைகள் அனைவரும் படுத்தார்கள். தரையில் பரப்பிய பலகைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் கிடக்க, அவற்றுக்கு அடியில் சேறும் தண்ணீரும் சளசளத்தன. அந்தப் பலகைகளின் மேல் கொஞ்சம் வைக்கோல், ஒரு கம்பளி, அதுவே படுக்கை. அந்த இருட்டில் பைன் கட்டையைக் கொளுத்திவைத்துக்கொண்டு, விற்கப்பட்ட பிள்ளைகளின் கதையைத் தாய் இருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒரு பனிக்கால விடியலில் ஐந்து வயதுப் பையன் எழுந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான். வாசலில் பனிச்சறுக்கு வண்டி வந்து நின்றதைக் கண்டு, தன்னைச் சவாரிக்கு அழைத்துப்போகிறார்கள் என்று துள்ளிக் குதித்து ஏறினான். மூன்று வயதுத் தங்கை நான்சியை வண்டிப் பெட்டிக்குள் வைத்து மூடுவதைப் பார்த்ததும் விஷயம் புரிந்து, இறங்கி ஓடி வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டான். அவனை இழுத்துக் கொண்டுபோய் ஏற்றினார்கள். அந்த இருவரையும் தாய் மறுபடி பார்க்கவே இல்லை. இரவு வெளியே உட்கார்ந்து நட்சத்திரங்களையும் நிலவையும் காட்டி, உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் எங்கே இருந்தாலும் இதே நிலவைத்தான் பார்க்கிறார்கள் என்று அவர் பிள்ளைகளிடம் சொல்வாராம். நான்சியின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

சார்லஸ் இறந்ததும் சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. ஏறத்தாழ ஒன்பது வயதான இசபெல்லா, ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு ஜான் நீலி என்பவருக்கு விற்கப்பட்டார். நீலி குடும்பம் ஆங்கிலம் மட்டும் பேசியது. சிறுமிக்கு டச்சு மட்டும் தெரியும். ஒரு பாத்திரத்தை எடுத்துவரச் சொன்னால் வேறொன்றை எடுத்துவருவார், அதற்கு அடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தணலில் வாட்டிக் கயிற்றால் கட்டிய குச்சிக்கட்டால் நீலி அடித்த அடியின் தழும்புகள் கடைசிவரை அவர் முதுகில் இருந்தன. பார்க்க வந்த தந்தையிடம், வேறு இடம் பார்த்துக் கொடுங்கள் என்று அவர் கெஞ்ச, அடிமையாக வாழ்ந்து முடித்த அந்தக் கிழவர் அலைந்து விசாரித்து, மதுக்கடையும் மீன்பிடித் தொழிலும் நடத்திய மார்ட்டினஸ் ஷ்ரைவர் என்பவரை 105 டாலருக்கு அவரை வாங்கவைத்தார். ஒரு தந்தை தன் மகளுக்குச் செய்ய முடிந்த உதவி, சற்று நல்ல எசமானருக்கு அவளை விற்கச் செய்வது என்ற நிலை. 1810இல் நியூ பால்ட்ஸ் பகுதியைச் சேர்ந்த ஜான் டூமாண்ட் 175 டாலர் கொடுத்து அவரை வாங்கினார். இசபெல்லா பிறந்த நாள் எங்கும் பதிவாகவில்லை. அவருக்குத் தரப்பட்ட ஒவ்வொரு விலையும் நமக்குத் தெரிகிறது.

ஜேம்ஸ் மிகவும் தளர்ந்துவிட்டதால், அவரைப் பராமரிக்கும் செலவிலிருந்து தப்பிக்க ஹார்டன்பர்க் வாரிசுகள் கண்ட வழி, அவரைக் கவனித்துக்கொள்வதற்காக மனைவியையும் சேர்த்து விடுதலை செய்வது. அந்த நிலவறையிலேயே இருவரும் தொடர்ந்து கிடந்தார்கள். மாவ்-மாவ் பெட் முதலில் இறந்தார். பார்வையற்ற ஜேம்ஸ் பல இடங்களில் மாறி மாறி இருந்து, இறுதியில் காட்டுக்குள் ஒரு குடிசையில் தனியாக விடப்பட்டு, குளிரிலும் கவனிப்பாரின்றியும் மாண்டார். சட்டத்தின் கணக்கில் இருவரும் சுதந்திரமாகவே இறந்தார்கள்.

சட்டம் போட்ட கணக்கு

இசபெல்லாவின் விடுதலையைப் புரிந்துகொள்ள நியூயார்க்கின் இரண்டு சட்டங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். 1799ஆம் ஆண்டுச் சட்டம், அந்த ஆண்டு ஜூலை 4க்குப் பிறகு அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரமானவர்கள் என்று அறிவித்தது. அறிவித்த கையோடு, ஆண் பிள்ளைகள் 28 வயது வரையிலும் பெண் பிள்ளைகள் 25 வயது வரையிலும் தாயின் எசமானருக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்றும் விதித்தது. அந்த நாளுக்கு முன் பிறந்தவர்களுக்கு அச்சட்டத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டே ஆண்டுகள் முந்திப் பிறந்ததால் இசபெல்லா அதற்கு வெளியே நின்றார். 1817ஆம் ஆண்டுச் சட்டம்தான், 1799க்கு முன் பிறந்தவர்கள் 1827 ஜூலை 4 அன்று விடுதலை பெறுவார்கள் என்று நாள் குறித்தது. அச்சட்டத்துக்குப் பின் பிறக்கும் பிள்ளைகளின் ஊழியக் காலத்தையும் 21 வயதாகக் குறைத்தது.

டூமாண்ட் பண்ணையில் இசபெல்லாவுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தார்கள். அவர்களில் ஒன்று சிறு வயதிலேயே இறந்துவிட்டது. ஏறத்தாழ 1815இல் டயானா, 1821இல் பீட்டர், 1825இல் எலிசபெத், 1826இல் சோஃபியா. இந்த ஆண்டுகளைச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் கொடுமை விளங்கும்: 1827இல் தாய் விடுதலை ஆவார், டயானா 1840 வரைக்கும், கைக்குழந்தையான சோஃபியா 1847 வரைக்கும் கட்டுண்டிருக்க வேண்டும். எசமானர்களுக்கு அரசு கொடுக்காமல் விட்ட இழப்பீட்டை, பிள்ளைகளின் இளமைக் காலம் கொடுத்துத் தீர்த்தது.

இசபெல்லாவின் கணவர் தாமஸ், அவரைவிட மூத்தவர். அதே பண்ணையின் அடிமை. அவருடைய முந்தைய மனைவியர் இருவரில் ஒருவராவது அவரிடமிருந்து பிரித்து விற்கப்பட்டிருந்தார். இசபெல்லா முதலில் விரும்பியவர் பக்கத்துப் பண்ணை அடிமையான ராபர்ட். இன்னொருவர் பண்ணையில் பிள்ளை பிறந்தால் அது அந்தப் பண்ணைக்கே சொத்தாகும் என்பதால் ராபர்ட்டின் எசமானர் அந்த உறவைத் தடுத்தார். இசபெல்லா உடம்பு சரியில்லாமல் இருந்தபோது அவரைப் பார்க்க ஒளிந்து வந்த ராபர்ட்டை, அந்த எசமானரும் அவர் மகனும் தடியின் பருத்த முனையால் தலையிலும் முகத்திலும் ரத்தம் வழிய அடித்துக் கட்டி இழுத்துச் சென்றார்கள். அதன்பின் அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

டூமாண்டை இசபெல்லா அப்போது கடவுளைப் போல நினைத்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரே அதைப் பின்னாளில் வருத்தத்தோடு சொன்னார். இரவெல்லாம் ஒரு குடும்பத்தின் துணிகளைத் துவைத்துவிட்டு விடிந்ததும் வயலில் இறங்கி ஆண்களுக்கு நிகராகக் கதிர் கட்டுவார். கைக்குழந்தையைக் கூடையில் போட்டு, கூடையின் இரு காதுகளிலும் கயிறு கட்டி, வயலோரத்து மரக்கிளையில் தூளி போலத் தொங்கவிட்டு, இன்னொரு சிறு பிள்ளையை ஆட்டச் சொல்லிவிட்டு வேலை பார்ப்பார்.

இந்த உழைப்புக்குப் பரிசாக, சட்டம் குறித்த நாளுக்கு ஓராண்டு முன்னதாக, 1826 ஜூலை 4 அன்றே விடுதலைச் சீட்டு தருவதாக டூமாண்ட் வாக்களித்தார். அந்த ஆண்டு இசபெல்லாவின் கையில் காயம் பட்டது. வேலை குறைந்துவிட்டது என்று காரணம் காட்டி டூமாண்ட் சொல் தவறினார். இசபெல்லா அதன்பிறகும் பல மாதம் இருந்து, தான் கடமைப்பட்டதாகக் கருதிய சுமார் 100 பவுண்டு கம்பளி நூலை நூற்று முடித்துவிட்டு, ஒரு நாள் விடியும் முன், கைக்குழந்தை சோஃபியாவை ஒரு கையிலும் துணிமூட்டையை மறுகையிலும் எடுத்துக்கொண்டு நடந்தார். தான் ஓடிப்போகவில்லை, நியாயமென்று நம்பி நடந்துதான் போனேன் என்பதை அவர் ஆயுள் முழுதும் வலியுறுத்தினார். தாமஸும் டயானாவும் பீட்டரும் எலிசபெத்தும் டூமாண்ட் பண்ணையிலேயே இருந்தார்கள். பால் குடிக்கும் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு மற்றவர்களை விட்டுப் போனதைப் பற்றி எளிதாகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த விடியலில் ஐந்து வயதுப் பீட்டரையும் கூட்டிச் சென்றிருந்தால் பிடிபட்டிருப்பார் என்பதே உண்மை.

ஐசக், மரியா வான் வாகனன் தம்பதியர் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். தேடி வந்த டூமாண்டிடம் ஐசக், மீதியுள்ள ஓராண்டு உழைப்புக்கு 20 டாலரும், குழந்தைக்கு 5 டாலரும் கொடுத்தார்; கொடுத்துவிட்டு, இனி என்னை எசமான் என்று கூப்பிடாதே என்று இசபெல்லாவிடம் சொன்னார். அந்தக் குடும்பத்தின் பெயரையே அவர் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். வழக்குத் தாள்களில் வருவதும் அந்தப் பெயர்தான்.

பீட்டர் மறைந்த வழி

இசபெல்லா வெளியேறிய காலத்தையொட்டி டூமாண்ட், பீட்டரை மருத்துவர் கெட்னி என்பவருக்கு விற்றார். இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அந்த மருத்துவர், பையன் தன் வேலைக்கு உதவாத அளவு சிறியவன் என்று கண்டு, தன் சகோதரர் சாலமன் கெட்னியிடம் அனுப்பிவிட்டார். சாலமன் தன் சகோதரி எலைசாவின் கணவரான ஃபௌலர் என்ற பண்ணைக்காரருக்குக் கொடுக்க, அவர் பையனை அலபாமாவுக்குக் கொண்டுபோனார். நியூயார்க் சட்டப்படி பீட்டர் 21 வயதில் விடுதலையாக வேண்டியவன். அலபாமாவில் அடிமைத்தனத்துக்கு முடிவு நாள் என்று ஒன்று இல்லை. விடுதலை நாள் நெருங்கும் பிள்ளைகளை எசமானர்கள் தெற்கே விற்று லாபம் பார்ப்பதைத் தடுக்கத்தான், மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோய் விற்பதை நியூயார்க் குற்றமாக்கியிருந்தது. அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது. அதைக் கையில் எடுத்து வழக்காட ஒருவர் தேவைப்பட்டார்.

செய்தி கேட்டதும் இசபெல்லா நடந்தே டூமாண்ட் வீட்டுக்குச் சென்றார். ஒரு கறுப்புப் பொடியனுக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா, மிச்சமிருப்பவர்களையே உன்னால் பார்த்துக்கொள்ள முடியாதே என்று டூமாண்டின் மனைவி கேட்டார். பணம் இல்லை, ஆனாலும் என் பிள்ளையை நான் திரும்பப் பெறுவேன் என்று இசபெல்லா பதில் சொன்னார். அந்த வாக்கியத்தைச் சொன்னபோது தன் உள்ளம் ஓங்கி வளர்ந்ததுபோலவும், ஒரு நாட்டின் வலிமையே தனக்குள் இருந்ததுபோலவும் உணர்ந்ததாக அவர் பின்னர் நினைவுகூர்ந்தார். அடுத்து சாலமனின் தாயிடம் போனார். அந்த அம்மாள், என் மகளும்தான் அங்கே போயிருக்கிறாள், உன் பிள்ளை என்ன அவளைவிட உயர்ந்ததா என்று சிரித்தார். உங்கள் மகள் மணமாகிப் போனாள், என் மகன் அடிமையாகப் போனான், அவன் சின்னஞ்சிறுவன் என்று இசபெல்லா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

வழி காட்டியவர்கள், அடிமை முறையை எதிர்த்த கிறித்தவப் பிரிவினரான குவேக்கர்கள். ஒரு குவேக்கர் குடும்பம் இரவு தங்க இடம் கொடுத்து, வெள்ளை விரிப்புப் போட்ட உயரமான கட்டிலைக் காட்டியது. அப்படிப்பட்ட படுக்கையில் அவர் என்றுமே படுத்ததில்லை. அதற்கு அடியில் படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தவர், கொடுத்தவர்கள் மனம் வருந்துவார்களே என்று எண்ணி மேலேயே படுத்தார். மறுநாள் அவர்கள் வண்டியில் கிங்ஸ்டன் நகர நீதிமன்றத்துக்கு அருகே கொண்டுவந்து விட்டு, கிராண்ட் ஜூரியிடம் புகார் கொடுக்கச் சொன்னார்கள். கிராண்ட் ஜூரி என்பது குற்றச்சாட்டை ஆராயும் குடிமக்கள் குழு; அது யாரோ ஒரு பெரிய மனிதர் என்று நினைத்த இசபெல்லா, கட்டடத்துக்குள் தென்பட்டவர்களில் யார் தோற்றத்தில் பெரியவரோ அவரிடம் போய் முறையிட்டார். அவர் மாடிக்குக் கைகாட்டினார். மாடியில், இவன் உன் மகன் என்று சத்தியம் செய்வாயா என்று கேட்டு வேதப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அவர் அதை வாயருகே கொண்டுபோய் அதனிடமே சத்தியம் சொல்லத் தொடங்க, எழுத்தர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளிடம் சத்தியம் வாங்கி என்ன பயன் என்று ஒருவர் கேட்டதற்கு, சட்டத்துக்கு அது போதும் என்று வழக்கைக் கவனித்த சிப் என்பவர் சொன்னார். இந்த வழக்கு நின்றது அந்த ஒரு பதிலின் மேல்தான்.

சிப் கொடுத்த ஆணையை எடுத்துக்கொண்டு, நியூ பால்ட்ஸ் காவலரிடம் சேர்க்க எட்டு ஒன்பது மைல் தூரத்தை இசபெல்லா ஓட்டமும் நடையுமாகக் கடந்தார். காவலர் ஆள் மாறி, சாலமனின் சகோதரர் ஒருவரிடம் ஆணையைக் கொடுத்துவிட்டார். அதற்குள் சாலமன் படகேறி ஹட்சன் ஆற்றைத் தாண்டிவிட்டார். ஆயினும் அவர் கலந்தாலோசித்த வழக்கறிஞர், பையனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் 14 ஆண்டுச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் வரலாம் என்று எச்சரித்திருந்தார். ஆகவே அவர் இலையுதிர் காலத்தில் அலபாமாவுக்குப் போய், அடுத்த இளவேனிலில் பீட்டரோடு திரும்பினார். திரும்பியும் பையனைத் தாயிடம் கொடுக்காமல் தன் உடைமை என்றே வைத்துக்கொண்டார்.

சாலமன் 600 டாலர் பிணை கட்டினார். விசாரணைக்கோ நீதிமன்றத்தின் அடுத்த அமர்வு வரை சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் பையனை மறுபடி கடத்திவிட்டால் என்ன செய்வது என்று இசபெல்லா கேட்டார். அப்படி நடந்தால் அந்த 600 டாலரில் பாதி உனக்குக் கிடைக்கும் என்று பதில் வந்தது. எனக்குப் பணம் வேண்டாம், பிள்ளைதான் வேண்டும் என்றார் இசபெல்லா. வழியில் கண்ட முன்பின் அறியாத ஒருவர், டிமெய்ன் என்ற வழக்கறிஞரின் வீட்டைக் காட்டி, விடாமல் அவரைப் பிடித்துக்கொள் என்று சொன்னார். 5 டாலர் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் பையனைக் கொண்டுவந்துவிடுவேன் என்றார் டிமெய்ன். இசபெல்லா சுமார் பத்து மைல் நடந்து பாப்பிள்டவுன் குவேக்கர்களிடம் போய்ப் பணம் திரட்டினார். 5 டாலருக்கும் அதிகமாகச் சேர்ந்தது. மிச்சத்தில் ஒரு செருப்பாவது வாங்கியிருக்கலாமே என்று கேட்டவர்களிடம், 5 டாலருக்கு மகன் வருவான் என்றால் கூடுதல் பணத்துக்கு நிச்சயம் வருவான் என்று சொல்லி, எல்லாவற்றையும் வழக்கறிஞரிடமே கொடுத்தார். 24 மணி நேரம் என்றால் எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது. ஒரே நாளில் பலமுறை வந்து கதவைத் தட்ட, இந்தப் பெண் மறுபடியும் வந்துவிட்டாளே என்று வேலைக்காரி வியந்தாள்.

மகன் வந்தான். வந்தவன் தாயைக் கண்டு அலறினான். இவள் என் தாய் இல்லை, என் நல்ல எசமானரிடமிருந்து என்னைப் பிரிக்காதீர்கள் என்று மண்டியிட்டு அழுதான். நெற்றியில் இருந்த பெரிய வடுவைப் பற்றிக் கேட்டபோது, ஃபௌலரின் குதிரை உதைத்தது என்றான். கன்னத்து வடுவுக்கு, வண்டியில் மோதிக்கொண்டேன் என்றான். ஒவ்வொரு பதிலுக்கும் முன் சாலமனின் முகத்தைப் பார்த்துக்கொண்டான். அந்தப் பார்வையை நீதிபதியும் கவனித்தார். பையன் தாயிடமே ஒப்படைக்கப்பட வேண்டும், தாயைத் தவிர அவனுக்கு வேறு எசமானரோ மேலாளரோ இல்லை என்று அவர் தீர்ப்பளித்தார்.

கொஞ்சிப் பேசி, தின்பண்டம் கொடுத்துப் பையனின் பயத்தைத் தணித்த பிறகுதான் இசபெல்லா அவன் சட்டையைக் கழற்றிப் பார்த்தார். தலை முதல் கால் வரை தழும்புகள். முதுகில் இருந்தவை, தன் விரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாற்போலத் தடித்துப் புடைத்திருந்தன என்று அவர் விவரித்தார். ஃபௌலர் சவுக்கால் அடித்தது, உதைத்தது என்று பையன் சொன்னான். எலைசா அம்மா என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, அவர் பரிதாபப்பட்டார், நான் திண்ணைக்கு அடியில் ரத்தம் ஒட்டக் கிடந்தபோது எல்லாரும் தூங்கிய பிறகு வந்து என் புண்களுக்கு எண்ணெய் தடவினார் என்றான். இதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா, ஃபில்லிஸை நீ பார்த்தால் பயந்துபோவாய் என்று தொடர்ந்தான். கைக்குழந்தை வைத்திருந்த அந்த அடிமைப் பெண்ணை ஃபௌலர் அடித்த அடியில் ரத்தத்தோடு பாலும் வழிந்ததாம். அடி வாங்கிய ஒரு குழந்தை, தன்னைவிட அதிகம் அடிபட்டவளை நினைத்துச் சொல்லும் ஆறுதல் அது.

ஆத்திரத்தில் இசபெல்லா, இவர்களுக்கு இரட்டிப்பாகத் திருப்பிக் கொடு என்று கடவுளிடம் வேண்டினார். சில காலம் கழித்து, ஃபௌலர் தன் மனைவி எலைசாவையே அடித்துக் கொன்றுவிட்டதாகக் கடிதம் வந்தது. இசபெல்லாவைப் பார்த்துச் சிரித்த அந்தத் தாய் துயரத்தில் சித்தம் கலங்கினார். கடவுளே, நான் இவ்வளவு கேட்கவில்லையே, இது மிக அதிகம் என்று இசபெல்லா மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். தன் மகனின் முதுகில் எண்ணெய் தடவிய கை எலைசாவுடையது என்பதை அவர் மறக்கவில்லை.

அமெரிக்க நீதிமன்றத்தில் வெள்ளையரை எதிர்த்து வென்ற முதல் கறுப்பினப் பெண் இசபெல்லாதான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1781இலேயே மாசசூசெட்ஸில் எலிசபெத் ஃப்ரீமன் தன் விடுதலைக்காக வழக்காடி வென்றார். இசபெல்லாவின் வழக்குக்கு அந்த மிகைப்பட்டம் தேவையில்லை. எழுத்தறியாத, ஆங்கிலம் பிந்திக் கற்ற, விடுதலை பெற்று ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண், ஆயிரம் மைலுக்கு அப்பால் போய்விட்ட குழந்தையைச் சட்டத்தைக் கொண்டு திருப்பிக் கொண்டுவந்தார். அதுவே போதுமான பெருமை.

குடும்பத்தின் பிற்காலம்

தாமஸ் 1827இல் விடுதலை பெற்றார். உழைக்கும் வலு போன பிறகு ஏழைகள் விடுதியில் இறந்தார். மகள்கள் தங்கள் ஊழியக் காலத்தை டூமாண்ட் பண்ணையில் கழித்தார்கள். இசபெல்லா பீட்டரோடு நியூயார்க் நகருக்குப் போய் வீட்டு வேலை செய்தார். அங்கே அக்கா சோஃபியாவையும், அண்ணன் மைக்கேலையும் கண்டுபிடித்தார். மைக்கேலை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. மூவரும் பேசிக்கொண்டிருந்தபோது, பனிச்சறுக்கு வண்டியில் கொண்டுபோகப்பட்ட நான்சியும் அதே நகரில்தான் இருந்தாள், அண்மையில் இறந்துவிட்டாள் என்று மைக்கேல் சொன்னார். அவள் தோற்றத்தையும் உடையையும் அவள் போய்வந்த ஆலயத்தையும் அவர் விவரித்தபோது இசபெல்லாவுக்கு உடல் நடுங்கியது. சயான் ஆலயத்தில் தன்னோடு பலிபீடத்தின் முன் முழந்தாளிட்டுச் செபித்தவள் அவள்தான். அவளுடைய கையைப் பற்றியபோது அந்த எலும்பின் கடினம் தன் கையைப் போலவே இருக்கிறதே என்று நினைத்ததும் அவருக்கு நினைவுக்கு வந்தது. கையைப் பற்றியும் அக்கா என்று தெரியாமல் போனது. மூவரும் உட்கார்ந்து அழுதார்கள்.

நீதிமன்றத்தை அவர் இன்னொரு முறையும் நாடினார். 1830களில் அவர் சேர்ந்திருந்த ஒரு சமயக் குழுவில் எலைஜா பியர்சன் என்பவர் இறக்க, இசபெல்லாவே நஞ்சிட்டார் என்று ஃபோல்ஜர் தம்பதியர் பழி சுமத்தினார்கள். அவதூறு வழக்குத் தொடுத்து 1835இல் 125 டாலர் இழப்பீடு பெற்றார். 1843 ஜூன் 1 அன்று சோஜர்னர் ட்ரூத் என்று பெயர் மாற்றிக்கொண்டு நகரை விட்டுக் கிளம்பினார்.

1851இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பெண்ணுரிமை மாநாட்டில் அவர் ஆற்றிய உரை உலகப் புகழ் பெற்றது. ஆனால் பரவலாக அறியப்பட்ட அதன் வடிவம் 12 ஆண்டுகள் கழித்து, அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சஸ் கேஜ் எழுதியது. அதில் தெற்கத்திக் கொச்சை ஆங்கிலம் பேசும் அவர், பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்று ஏறக்குறைய எல்லாரையும் விற்கக் கண்டதாகச் சொல்கிறார். டச்சு மொழி பேசி வளர்ந்த, ஐந்து பிள்ளைகள் பெற்ற பெண் அவர். உணர்ச்சிக்காக எண்ணிக்கையைக் கூட்டியதில் டயானா, பீட்டர், எலிசபெத், சோஃபியா என்ற உண்மையான நால்வர் மறைந்துபோனார்கள் என்பது என் மனக்குறை.

1850இல் தன் வரலாற்றை வாய்மொழியாகச் சொல்லி அச்சிட்டு, அதை ஊர் ஊராக விற்று, மாசசூசெட்ஸில் முதல்முறையாகச் சொந்த வீடு வாங்கினார். பின்னர் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். மகள்களும் பேரப்பிள்ளைகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள். எலிசபெத்தின் மகன் ஜேம்ஸ் கால்டுவெல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவான 54ஆம் மாசசூசெட்ஸில் சேர்ந்து, 1863இல் எதிரிகளிடம் சிறைப்பட்டு, போர் முடியும் தறுவாயில் மீண்டார். அந்த நாட்களில் எடுத்த ஒரு புகைப்படத்தில், வெள்ளைத் தொப்பியும் மூக்குக்கண்ணாடியுமாக நாற்காலியில் அமர்ந்திருக்கும் பாட்டியின் மடியில் ஒரு சிறிய படச் சட்டம் திறந்தபடி இருக்கிறது. அதற்குள் இருப்பது அந்தப் பேரனின் முகம். இன்னொரு பேரன் சாமி பேங்க்ஸ் அவருக்காகப் படிக்கவும் எழுதவும் செய்து பயணங்களில் உடன் சென்றான்; இளம் வயதிலேயே, 1875இல் இறந்தான். இசபெல்லா 1883 நவம்பர் 26 அன்று மகள்கள் வாழ்ந்த அந்த ஊரிலேயே காலமானார்.

பீட்டரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் அவன் நிலைகொள்ளவில்லை. கொடுத்த பள்ளிக் கட்டணத்தை வேறு வழியில் செலவழித்தான், தீய சேர்க்கையில் விழுந்தான், பலமுறை சிறைக்குப் போனான். தாய் பலமுறை மீட்டார்; கடைசி முறை மீட்க மறுத்துவிட்டார். அலபாமாவில் கழிந்த அந்த மாதங்களை நினைக்காமல் இவனைக் கெட்ட பிள்ளை என்று எழுதிச் செல்வது நேர்மையாகாது. கடைசியில் 1839இல், நான்டக்கெட் துறைமுகத்தின் 'ஜோன்' என்ற திமிங்கல வேட்டைக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். 1840லும் 1841லும் எழுதிய மூன்று கடிதங்கள் தாய்க்கு வந்தன. 1841 செப்டம்பர் 19 தேதியிட்ட மூன்றாவது கடிதத்தில், இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம், ஒன்றுக்கும் பதில் வராததால் மனம் நிம்மதியில்லாமல் இருக்கிறது, இன்னும் பதினைந்து மாதங்களில் வீடு திரும்புவேன் என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு கடிதம் எதுவும் வரவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தன் வரலாற்றைச் சொல்லி எழுதவைத்தபோது, தன்னால் வாசிக்க முடியாத அந்த மூன்று கடிதங்களையும் இசபெல்லா அதில் சேர்க்கச் செய்தார்.